காலி டப்பாக்கள்

ஆடி பிறந்த முதல் வாரம். காலை ஏழு மணிக்குக் காப்பியின் வாலைச் சீவிக்கொண்டிருந்தாள் ஷர்மிளா. வழக்கமாகச் சிக்கில் மாட்டும் சீப்பு அன்று வழுக்கிக்கொண்டு வந்தது. பார்த்தால் கையில் ஒரு கொத்து மயிர். சீவும்போது நாலு மயிர் உதிர்வது புதிதல்ல. ஆனால் இது பழைய துடைப்பத்திலிருந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வருவதுபோல வந்திருந்தது. குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பிடரியைத் தடவிப் பார்த்தாள். அங்கேயும் விரலோடு வந்தது.

காப்பி பதினோரு வயதுப் பெண் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்ததைப் பெருங்களத்தூர்க்காரரான அனந்தகிருஷ்ணன் நாலு வருஷத்துக்கு முன்பு தன் மகள் ஸ்நேகாவுக்காக வாங்கினார். நிறத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவள் ஸ்நேகாதான். அவள் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். மனைவியும் இல்லாத அந்த மனிதருக்கு வீட்டில் பேச ஆளில்லை. குதிரையை விற்றுவிடும்படி பலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கோவிலம்பாக்கத்தில், ரேடியல் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தட்சிணாமூர்த்தி என்பவர் நடத்தும் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் காப்பியை விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்ப்பார். ஏறி உட்கார மாட்டார். அவருக்கு முதுகுவலி. பக்கத்தில் நின்று கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கார் டிக்கியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஷர்மிளாவிடம் கொடுப்பார்.

ஷர்மிளா நீலாங்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவளுடைய அண்ணன் கடற்கரையில் குதிரை சவாரி விட்டுக்கொண்டிருந்தவன். கல்யாணத்துக்கு முன்பு அந்தக் குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைத்தது எல்லாம் அவள்தான். கணவன் பாலகுரு கடலுக்குப் போகிறான். அவள் தினமும் விடியற்காலை இரண்டு ஷேர் ஆட்டோ மாறி லாயத்துக்கு வருவாள். ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். பத்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி இங்கிலீஷும் வாசிப்பாள்.

பொங்கலுக்குப் பிறகுதான் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. குதிரை வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அனந்தகிருஷ்ணன் சேர்ந்திருந்தார். "நம்ம ஊர் புல்லுல சத்தே கிடையாதாம் ஷர்மிளா. மண்ணுல மினரல் எல்லாம் போயிடுச்சு" என்று சொல்லி முதல் டப்பாவைக் கொடுத்தார். வைட்டமினும் தாதுக்களும் கலந்த பொதுவான பொடி அது. அடுத்த மாதம் தசைக்கு ஒன்று. அதற்கடுத்து, மூட்டுக்கு எண்ணெய். பிறகு சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று, வெளிநாட்டுச் சரக்கு. பூண்டும் துருவும் கலந்ததுபோல ஒரு வாசனை அதற்கு.

பள்ளியின் மற்ற குதிரைகளுக்குக் காய்ந்த புல், கொஞ்சம் ஓட்ஸ், வேகவைத்த கொள்ளு, வாரத்தில் நாலு நாள் குதிரைமசால் தழை. அவ்வளவுதான். அவை நன்றாகத்தான் இருந்தன.

ஆனி மாதத்தில் ஒருநாள் சிவப்பு மூடி டப்பாவின் சின்னக் கரண்டியைக் காப்பியே மிதித்து உடைத்துவிட்டது. ஷர்மிளா உடனே அனந்தகிருஷ்ணனுக்கு போன் செய்தாள்.

"சார், அந்தச் சின்ன கரண்டி ஒடஞ்சி போச்சு. எவ்ளோ போடறது?"

"மீட்டிங்ல இருக்கேன்மா. இன்னொரு டப்பால கரண்டி இருக்குமே, அதையே போடு."

பொதுப் பொடி டப்பாவில் இருந்தது பெரிய கரண்டி. அன்றிலிருந்து அவள் அதில் தலைதட்டிப் போட்டாள். அது பெரியது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சார் சொல்லிவிட்டார். சத்துப்பொடிதானே, கூடுதலாகப் போனால் என்ன கெட்டுவிடும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, மயிர் உதிர ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்பு, காப்பி வாளியில் பாதியை மிச்சம் வைத்தது. மறுநாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிவப்பு மூடிப் பொடியை மட்டும் நாலு நாள் நிறுத்திப் பார்த்தாள் ஷர்மிளா. காப்பி வாளியைக் காலி செய்தது. ஐந்தாம் நாள் மனசு உறுத்தி மறுபடி போட்டாள். பாதி சாப்பாடு மறுபடி மிஞ்சியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனந்தகிருஷ்ணன் வந்தபோது, பிடித்து வைத்திருந்த மயிர்க்கொத்தைக் காட்டி, சிவப்பு மூடிப் பொடியை நாலு நாள் நிறுத்திப் பார்த்ததையும் சொன்னாள். அவர் கொத்தை வாங்கிப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பத்து நிமிஷத்தில் பதில்கள் வந்து குவிந்தன. எல்லாம் ஒரே மாதிரி: சத்துக் குறைபாடு.

"சார், டாக்டர் அசரியாவை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிடலாமா?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி. ஐம்பதைத் தாண்டிய, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"பார்க்கலாம். இது டெஃபிஷியன்சின்னு க்ளியரா தெரியுது. ரெண்டு வாரம் சப்ளிமென்ட் ஒழுங்கா போகட்டும்." அனந்தகிருஷ்ணன் ஷர்மிளா பக்கம் திரும்பினார். "ஒழுங்கா போனாத்தானே. இந்த சிவப்பு மூடி டப்பா ரெண்டு மாசம் வரணும். அறுபது நாள்னு மேலேயே போட்டிருக்கான். ஒரே மாசத்துல நான் மூணு வாங்கியிருக்கேன். எங்கம்மா போகுது?"

"குதிரைக்குத்தான் சார் போவுது."

"இப்பத்தான் நாலு நாள் போடலைன்னு சொன்னே."

"அது துன்னாம வெச்சிடுது சார். அதான் அத மட்டும் வுட்டுப் பாத்தேன். சார், அந்தக் கரண்டி..."

"கரண்டி கதையெல்லாம் வேண்டாம். போடாத பொடி எப்படித் தீரும்? அதைச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்த பெற்றோர் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். தட்சிணாமூர்த்தி எதையோ சரிப்படுத்த நினைத்துக் கெடுத்தார்.

"அது சார்... சாயங்காலம் வீட்டுக்குப் போறப்போ டப்பா எடுத்துட்டுப் போவா. நானே பார்த்திருக்கேன். ஆனா அது..."

"காலி டப்பாண்ணா அது!" ஷர்மிளா குறுக்கிட்டாள். "உன்ன கேட்டுத்தானே எடுத்துகினு போனேன்? வூட்டுல மாமியா கருவாடு போட்டு வெக்கிறாங்க."

நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள். கருவாடு என்ற சொல்லுக்குச் சிரித்தார்களா, வேறு எதற்காவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் யாரையும் திருடின்னு சொல்லலை" என்றார் அனந்தகிருஷ்ணன். அதைச் சொன்ன விதத்திலேயே திருடி என்று சொல்லிவிட்டார். "இனிமே கலக்கறதை ஒவ்வொரு வேளையும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. அது சாப்பிட்டு முடிச்சதும் காலி வாளியையும் எடுத்து அனுப்பு. இத்தனை நாள் விட்டுப்போனதுக்கு எல்லாப் பொடியையும் டபுள் பண்ணு. குளம்புக்கும் மயிருக்கும் ஒண்ணு புதுசா ஆர்டர் போட்டிருக்கேன், செவ்வாய்க்கிழமை வந்துடும்."

அன்று வீட்டுக்குப் போனதும் ஷர்மிளா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாலகுரு படகின் இன்ஜினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்தான்.

"நாளைலேர்ந்து போவாத. இன்னா பெரிய வேல அது? பேஜார் புடிச்ச வேல."

"இப்ப நின்னுட்டா நான் திருடினது நெசம்னு ஆயிடும்."

"ஆனா ஆவட்டுமே. அவங்க மூஞ்சில முழிக்கப் போறியா இன்னா?"

"காப்பிக்கு ஒடம்பு சரியில்ல. அத வுட்டுட்டு எப்டி வர்றது?"

மாமியார் அங்காளம்மா உள்ளே அலமாரியில் வரிசையாக நின்ற வெள்ளை டப்பாக்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சோறு போட்டுவந்து மருமகளிடம் நீட்டினாள்.

மறுநாள் காலை ஷர்மிளா தட்சிணாமூர்த்தியின் அறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வாளியில் கலந்தாள். பொதுப் பொடி இரண்டு கரண்டி. தசைப் பொடி இரண்டு. சிவப்பு மூடியிலிருந்து பெரிய கரண்டியால் இரண்டு. அனுப்பிய ஒரு நிமிஷத்தில் கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. ஆனால் காப்பி வாளியில் வாய் வைக்கவில்லை. காலி வாளியின் வீடியோவுக்கு அவள் எங்கே போவாள்?

மதியம் கடைக்குப் போய் மண்டைவெல்லம் வாங்கிவந்தாள். வெந்நீரில் கரைத்து, தவிட்டோடும் பொடிகளோடும் பிசைந்து, நாலு கேரட்டையும் நறுக்கிப் போட்டாள். காப்பி முகர்ந்தது. தலையை விலக்கியது. அவள் ஒரு கவளத்தைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். "துன்னும்மா. எனக்கோசரம் துன்னு" என்றாள். நாக்கில் இனிப்புப் பட்டதும் குதிரை தின்ன ஆரம்பித்தது. வாளி காலியானது. வீடியோ எடுத்து அனுப்பினாள்.

ஐந்து வாரம் அப்படிப் போனது. ஒருநாள்கூட அவள் தவறவில்லை. சிவப்பு மூடி டப்பாக்கள் முன்பைவிட வேகமாகத் தீர்ந்தன; வீடியோ வந்துகொண்டிருந்ததால் அனந்தகிருஷ்ணன் கேள்வி கேட்காமல் வாங்கிக் கொடுத்தார். குளம்புக்கான புதுப் பொடியும் வந்து சேர்ந்துகொண்டது. காப்பியின் வால் எலிவாலாகிவிட்டது. பிடரியில் தோல் தெரிந்தது. குழுவில் யாரோ சொன்னார்களாம், புது மயிர் முளைக்கும் முன்பு பழையது முழுவதும் கொட்டும் என்று. அனந்தகிருஷ்ணன் அதை நம்பினார். நம்ப வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஷர்மிளா போனபோது காப்பி படுத்திருந்தது. அதட்டி எழுப்பினால் எழுந்து நின்றது, ஆனால் முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. சுடுமணலில் வெறுங்காலோடு நிற்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். குளம்பும் தோலும் சேருகிற இடத்தில், நகக்கண் கிழிந்ததுபோல, சுற்றிலும் ஒரு பிளவு. நான்கு கால்களிலும் இருந்தது. இடது முன்னங்காலில் அது வாய் திறந்து ஈரமாக இருந்தது.

"அண்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தட்சிணாமூர்த்தி டீத்தம்ளரோடு ஓடிவந்தார். பார்த்தார். யாரையும் கேட்காமல் டாக்டருக்கு போன் போட்டார். அதற்குப் பிறகுதான் அனந்தகிருஷ்ணனுக்குச் சொன்னார்.

டாக்டர் அசரியா தாம்பரத்திலிருந்து பைக்கில் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ஒவ்வொரு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். வாலில் மிச்சமிருந்த மயிரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்ததை வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தம் எடுத்துக் குப்பிகளில் அடைத்துக்கொண்டார். பக்கத்துக் கொட்டடிகளில் நின்ற குதிரைகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே புல்லுதானே?"

"ஒரே புல்லுதான் டாக்டர்."

"அப்போ இதுக்கு மட்டும் தனியா என்ன போகுது?"

ஷர்மிளா டப்பாக்களைச் சொன்னாள். கையில் இருந்தவற்றைக் கொண்டுவந்து வைத்தாள். லேபிள்களை வாசித்துக்கொண்டே போனவர் நிமிர்ந்தார்.

"முன்னாடி முடிஞ்ச டப்பா எல்லாம் எங்கே? தூக்கிப் போட்டாச்சா? எத்தனை உள்ளே போயிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

"எங்க வூட்டுல கீது" என்றாள் ஷர்மிளா. தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அவரே ஓர் ஆட்டோவைப் பிடித்து அவளை அனுப்பினார்.

குப்பத்தில் அங்காளம்மா ஏனென்று கேட்கவில்லை. ஒரு செய்தித்தாளை விரித்து, டப்பா டப்பாவாக நெத்திலிக் கருவாட்டையும் உப்பையும் மிளகாயையும் கொட்டினாள். கழுவ நேரமில்லை. உரச்சாக்கு ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிக்கொண்டு ஷர்மிளா திரும்பினாள். அதற்குள் அனந்தகிருஷ்ணன் வந்திருந்தார். ஆபீஸ் உடுப்போடு கொட்டடி வாசலில் நின்றிருந்தார். குதிரையின் குளம்பை அவர் பார்த்திருக்க வேண்டும். அவருடைய கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

ஷர்மிளா சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். கருவாட்டு வாசனை கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் சிவப்பு மூடி டப்பாக்களைத் தனியே அடுக்கினார். ஒன்பது. பொது, தசை, குளம்பு என்று மற்றவை ஏழு. ஒவ்வொன்றிலும் ஒரு வரியின்மேல் விரலை வைத்து வாசித்தார்.

"இதுல செலினியம்னு ஒரு மினரல். இதுலயும் செலினியம். இந்தக் குளம்புப் பொடிலயும் இருக்கு. நாலு டப்பாலயும் ஒரே சரக்கு சார். பேர்தான் வேற வேற."

"அது... நல்லதுதானே டாக்டர்? செலினியம் அவசியம்னு..."

"அவசியம்தான். ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு மில்லிகிராம் அவசியம். பாதி புல்லுலயே கிடைச்சிடும். அதுக்கு மேல போகப் போக அது மருந்து இல்லே, விஷம். மயிர் கொட்டும். குளம்பு இப்படிச் சுத்திலும் பிளக்கும்." அவர் சிவப்பு மூடி டப்பாவைத் திருப்பினார். "இதுல ஒரு கரண்டிக்கு ரெண்டு மில்லிகிராம்னு போட்டிருக்கு. அறுபது நாளைக்கு வரும்னும் போட்டிருக்கு. இதோட கரண்டி எங்கே?"

"ஒடஞ்சிடுச்சி டாக்டர்" என்றாள் ஷர்மிளா. "சாரை போன்ல கேட்டேன். இன்னொரு டப்பா கரண்டியே போடுன்னாரு." பெரிய கரண்டியை எடுத்துக் காட்டினாள்.

"நானா?" என்றார் அனந்தகிருஷ்ணன். கோபமாக இல்லை, உண்மையாகவே நினைவில்லாதவராகக் கேட்டார்.

"மீட்டிங்ல இருக்கேன்னீங்க சார். அன்னிக்கு அத்தத்தான் சொல்ல வந்தேன்."

அவர் போனை எடுத்தார். அவள் அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றைத் திறந்தார். வாளி, தவிடு, ஷர்மிளாவின் கை, அதில் பெரிய கரண்டி, தலைதட்டி ஒன்று, இன்னொன்று. அதன்கீழே அவர் அனுப்பிய கட்டைவிரல். அடுத்ததைத் திறந்தார். அதிலும் அதே. நாலைந்து பார்த்ததும் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் அந்தப் பெரிய கரண்டியில் பொடியை அள்ளிக் கையால் எடை பார்த்தார். "சின்னக் கரண்டி அஞ்சு போடறதுக்குச் சமம் இது. அதுலயும் ரெண்டு. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பது மில்லிகிராமைத் தாண்டியிருக்கும்." பிறகு ஷர்மிளாவைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி அவரிடம் நடந்ததை ஏற்கெனவே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. "நீ நிஜமாவே இதைத் திருடி வெளியில வித்திருந்தேன்னா, இந்தக் குதிரை இன்னிக்கு நல்லா நின்னிருக்கும்."

அதைக் கேட்டதும் ஷர்மிளாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"அது வேணாம்னு சொல்லிச்சு டாக்டர்" என்றாள். "மூஞ்சத் திருப்பிக்கிச்சு. நான்தான் வெல்லம் போட்டு, கையால ஊட்டி, துன்ன வெச்சேன். காலி வாளி காட்டணும்னு."

டாக்டர் குப்பிகளைப் பெட்டியில் வைத்து மூடினார். "தீவனத்தை ஒதுக்கற குதிரை ஏதோ சொல்லுது. அடுத்த தடவை வெல்லம் வாங்கறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு" என்றார். அதில் கடுமை இல்லை. ஆனால் மன்னிப்பும் இல்லை. அதுவே சரி என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாப் பொடியும் அன்றே நின்றது. வலிக்கு மருந்து, நல்ல புல், சுத்தமான தண்ணீர், கால் புதையும் அளவுக்கு மரத்தூள் படுக்கை. இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, உடம்பு தானாக வெளியேற்ற வேண்டும், புதுக் குளம்பு மேலிருந்து கீழே வளர்ந்து இறங்க ஒரு வருஷம்வரை ஆகலாம் என்றார் டாக்டர். பத்து நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை அவர் சொன்னதையே சொன்னது.

அன்று டாக்டர் போன பிறகும் அனந்தகிருஷ்ணன் போகவில்லை. தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்து ஷர்மிளா பார்த்ததில்லை.

"காப்பிக்கு நல்லது பண்ணணும்னுதான்..." என்று ஆரம்பித்தார். "ராத்திரி வீட்ல சும்மா உட்கார்ந்திருப்பேன். போனைப் பார்ப்பேன். ஏதாவது ஒண்ணு ஆர்டர் பண்ணினா அன்னிக்கு அவளுக்கு ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும்."

"தெரியும் சார்."

"உன்னை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

ஷர்மிளா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "எல்லார் முன்னாடியும் கேட்டீங்க சார். இப்ப யாரும் இல்லாதப்போ சொல்றீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனந்தகிருஷ்ணன் வகுப்பு நடக்கும்போது வந்தார். நாற்காலிகளின் முன்னால் போய் நின்றார். முப்பது வருஷம் ஆபீஸில் கூட்டம் நடத்தியவருக்கு அன்று குரல் எழும்பவில்லை. "அன்னிக்கு நான் இந்தம்மாவைத் தப்பாப் பேசினேன். அவங்க ஒரு பொடிகூட எடுக்கலை. தப்பு என்னோடது. என் குதிரை இப்படி ஆனதுக்கும் நான்தான் காரணம்." அன்று சிரித்தவர்கள் அங்கே இருந்தார்களா என்பதுகூடத் தெரியவில்லை. பாதிப்பேர் புதுமுகங்கள். ஒரு பெண்மணி எதற்கு என்று புரியாமலே தலையாட்டினாள். கேட்டு வாங்கிய வார்த்தை அவ்வளவாக இனிக்கவில்லை ஷர்மிளாவுக்கு. தட்சிணாமூர்த்தி மட்டும் சாயங்காலம் அவளிடம் வந்து, "நானும் வாயை வெச்சுகினு சும்மா இருந்திருக்கணும்மா" என்றார். வருந்தினால்தான் அவருக்கு மெட்ராஸ் பாஷை வரும்.

புரட்டாசியில் இடது முன்னங்குளம்பில் சீழ் வைத்தது. லாடம் அடிக்கிறவர் கீறி விட்டார். காப்பி ஒரு வாரம் பெரும்பாலும் படுத்தே கிடந்தது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் புரட்டினார்கள். "இந்தக் குளம்பு முழுசா கழண்டு வந்துடுச்சுன்னா, அதை வலியில வெச்சிருக்கறது நியாயம் இல்லே. அப்போ ஒரு முடிவு எடுக்கணும்" என்று டாக்டர் அனந்தகிருஷ்ணனிடம் சொன்னார். ஸ்நேகா போனில் அழுதாள்.

குளம்பு கழன்று வரவில்லை. பிளவுக்குக் கீழே பழையது தொங்கிக்கொண்டிருக்க, மேலே விரல் நகம் அளவுக்குப் புதுசு தெரிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிரம்பி, ரேடியல் சாலையில் முழங்கால் தண்ணீர். லாயத்துக்குள் ஈரம் ஏறியது. ஈரத்தில் குளம்பு ஊறினால் எல்லாம் வீண். மேடவாக்கத்தில் ஒரு மரம் அறுக்கும் பட்டறையிலிருந்து அனந்தகிருஷ்ணன் காரில் மரத்தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். டிக்கியில் நாலு, பின்சீட்டில் ஐந்து, முன்சீட்டில் ஒன்று. முதுகுவலியோடு அவரே தூக்கினார். ஷர்மிளா வேண்டாமென்று சொல்லவில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் அப்படிச் செய்தார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்காது. தூளைக் கொட்டு, நனைந்ததை வாரு, இன்னொன்று எடு. பாலகுருவும் கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில் ஒருமுறை வந்து கூடப் பிடித்தான். அனந்தகிருஷ்ணனோடு அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பங்குனி வந்தபோது காப்பியின் பிளவு குளம்பில் முக்கால்வாசி தூரம் இறங்கிவிட்டிருந்தது. பிடரியில் சாண் உயரத்துக்கு மயிர் முளைத்துத் தேய்ந்த பிரஷ்போல நட்டுக்கொண்டு நின்றது. அது நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் தலை ஒருமுறை ஆடியது. இடது முன்னங்கால் பழையபடி ஆகாது, இனி யாரும் இதன்மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுமுறைக்கு வந்த ஸ்நேகா ஒருமணி நேரம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

தீவனத்தில் எது புதிதாகச் சேர்ப்பதானாலும் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இப்போது லாயத்தின் சட்டம். தட்சிணாமூர்த்தி அதை அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார். அனந்தகிருஷ்ணன் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். இப்போதெல்லாம் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். சாணி அள்ளுகிறார், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார். ஆனால் தீவன வாளியை மட்டும் அவர் தொடுவதில்லை. ஷர்மிளா கலக்கும்போது பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

ஒருநாள் காலை அப்படி நின்றபடியே கேட்டார்.

"ஷர்மிளா, அதுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இன்னா சார்?"

"நாமதான் அப்படிப் பண்ணினோம்னு."

அவள் வேகவைத்த கொள்ளை வாளியில் போட்டுக் கிளறினாள். அந்தச் சத்தத்துக்குக் காப்பி கொட்டடியின் மூலையிலிருந்து திரும்பிப் பார்த்தது. தலையை ஆட்டி ஆட்டி, வலியைத் தாங்கிக்கொண்டு, அவளை நோக்கி வர ஆரம்பித்தது.

"தெரியாது சார்" என்றாள் ஷர்மிளா. "தெரிஞ்சிருந்தா என் கையால துன்னுமா? வாளி சத்தம் கேட்டா எப்டி வருது பாருங்க. அத்தப் பாத்தாத்தான் சார் எனக்கு இன்னும் கஷ்டமா கீது."

அவள் வாளியை மார்பளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள், குதிரை குனிய வேண்டியிராதபடி. காப்பி முகர்ந்து பார்க்கக்கூட இல்லை, நேராக வாயை வைத்தது.